பிடித்தம் – அத்தியாயம் 9: ஏ. ஜெயஸ்ரீ

பள்ளியில் நாற்பத்திரண்டு பேருக்கு மாதாமாதம் சம்பளப் பட்டியல் தயாரிப்பவள் ஜெயஸ்ரீ. யாருக்கு எதில் எவ்வளவு பிடித்தம் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். கணக்கு வாத்தியார் கூட்டுறவு சங்கத்தில் இரண்டாவது கடன் எடுத்ததை அவர் மனைவிக்கு முன்பே அறிந்தவள் அவள். தன் பெயருக்கு நேரே இருந்த ஒரு காலிக் கட்டத்தை மட்டும் பதினோரு நாளாக அவளால் நிரப்ப முடியவில்லை.

அந்தக் கோர்ட் உத்தரவை அவளேதான் பிரித்தாள். பழக்கம். தேதி முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, பிறகுதான் என்னவென்று படித்தாள். நாத்தனார் சந்திரிகா பொத்தேரியில் பெண்கள் விடுதி தொடங்க வாங்கிய கடனுக்கு, ஏழு வருடத்துக்கு முன் ஜெயஸ்ரீ ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தாள். கொரோனாவில் விடுதி மூடியது. ஃபைனான்ஸ் கம்பெனி வழக்குப் போட்டதும், தீர்ப்பு வந்ததும் அவளுக்குத் தெரியாது. இப்போது அவள் சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி தலைமையாசிரியருக்கு உத்தரவு.

"மேடம், பில் நாளைக்கு சாயங்காலம் போயாகணும்" என்றார் தலைமையாசிரியர் சிவகுமார். அவள் முகத்தைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா, அந்த ஒரு என்ட்ரிய மட்டும் நானே போட்டுடறேன்."

"உங்களுக்கு அந்த சாஃப்ட்வேர் தெரியாதே சார்."

"அதான் மேடம், நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு நாளில் முதல் சிரிப்பு. மதியத்துக்கு மேல் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

*

வக்கீல் ஆஸ்டினின் அலுவலகம் தாம்பரம் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது.

"உட்காருங்கம்மா. மூச்சு வாங்குது பாருங்க. இந்தப் படிக்குப் பயந்தே பாதி கட்சிக்காரங்க கீழேயே பல்லைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடறாங்க."

அவள் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றியதே தவிர காற்று கீழே வரவில்லை.

"நிறுத்த முடியுமா சார்?"

"நிறுத்தறது வேற, குறைக்கறது வேற. முதல்ல பயத்தைக் குறைச்சுக்கங்க. முழுச் சம்பளத்தையும் தூக்கிட மாட்டாங்க. முதல் ஆயிரம் ரூபாயைத் தொட முடியாது. மீதியில மூணுல ரெண்டு பங்கும் உங்களுது. ஒரு பங்குதான் பிடிப்பாங்க. உங்க பி.எஃப்., கிராஜுவிட்டி பக்கம் கை வைக்க முடியாது. பிடிக்கறதும் இந்த ஒரு தீர்ப்புக்கு மொத்தமா இருபத்திநாலு மாசம்தான்."

"இருபத்திநாலு மாசம்." வீட்டுக்கடன் தவணையும் அவள் சம்பளத்தில்தான் போகிறது. கணவர் ஏகநாதனுக்கு மறைமலை நகரில் வேலை போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. "கடன் வாங்கினது அவங்க. அவங்களை விட்டுட்டு எப்படி சார் என்கிட்ட வரலாம்?"

"வரலாம். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் ஜாமீன்தாரர்கிட்ட வரணும்னு சட்டம் சொல்லலை. உங்ககிட்ட சம்பளம் இருக்கு, அவங்ககிட்ட ஒரு மெஸ்ஸும் இட்லிக் குண்டானும்தான் இருக்கு. கம்பெனி எங்க போகும்? நீங்க கட்டினதை அப்புறமா உங்க நாத்தனார்கிட்ட வழக்குப் போட்டு வாங்கலாம்." அவர் நிறுத்தினார். "போடுவீங்களா?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போட மாட்டீங்க. யாரும் போடறதில்லை. கம்பெனியோட பேசித் தவணை கேட்கலாம். ஆனா தீர்ப்பு கையில இருக்கறவன் எதுக்கு இறங்கி வரணும்? அப்ப இருக்கறது ஒண்ணுதான். நீங்க கோர்ட்டுக்கு வராததால எக்ஸ்பார்ட்டியா குடுத்த தீர்ப்பு இது. சம்மன் என் கைக்கு வரவே இல்லை, தீர்ப்பை ரத்து பண்ணுங்கன்னு மனு போடணும். கூடவே பிடித்தத்துக்கு ஸ்டே கேட்கணும். உங்களுக்குத் தெரிய வந்த நாள்லேருந்து முப்பது நாள் டைம். பதினொண்ணு போயிடுச்சு. இந்த மாசப் பிடித்தத்தைத் தடுக்க முடியாது. நாளைக்கே தாக்கல் பண்ணினா அடுத்த மாசத்துக்குள்ள ஸ்டே கேட்டுப் பார்க்கலாம். பாதிப் பணத்தைக் கட்டச் சொல்லிக்கூட ஸ்டே குடுப்பாங்க, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"சம்மன் வரலைன்னு நம்புவாங்களா?"

"அங்கதான் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்." அவள் முன்பே அனுப்பியிருந்த காகிதங்களோடு, கோர்ட் கட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த நகல்களைப் புரட்டி ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "ரிஜிஸ்டர் தபால்ல வந்த சம்மனை வாங்கிக்கிட்டதா ஒரு அட்டை. ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. இது உங்க கையெழுத்தா பாருங்க."

மங்கலான ஜெராக்ஸ். சதுரக் கட்டத்துக்குள், சற்றுச் சாய்ந்து, ஏ. ஜெயஸ்ரீ.

அவள் கையெழுத்து த. ஜெயஸ்ரீ.

"இனிஷியலே வேற!" ஆஸ்டின் உற்சாகமாக மேஜையைத் தட்டினார். "உங்க சர்வீஸ் ரிஜிஸ்டர், பான் கார்டு, ஏன், ஜாமீன் பத்திரத்துலகூட 'த'தான். வீட்டுல இருந்த யாராவது அவங்க சொந்தப் பேரைப் போட்டு வாங்கியிருந்தா நம்ம பாடு திண்டாட்டம். குடும்பத்துல ஒருத்தர் கையில குடுத்தாச்சுன்னு கோர்ட் எடுத்துக்கும். இவன் உங்க பேரையே போட்டான், அதையும் தப்பாப் போட்டான். யாரும்மா இது?"

'ஏ'யின் கீழ்க்கோடு தரையைத் தேய்ப்பதுபோல் நீண்டிருந்தது. மளிகைச் சீட்டிலும், மகளுடைய பள்ளி டைரியிலும் இருபத்தோரு வருடமாக அவள் பார்த்துவரும் கோடு.

"தெரியலை சார்" என்றாள்.

"தெரியலைன்னே எழுதிடலாம். 'மேற்படி கையெழுத்து என்னுடையதல்ல, அது யாருடையது என்று எனக்குத் தெரியாது.' சத்தியப் பிரமாணம்மா, பார்த்துக்கங்க. எதிர்த்தரப்பு ஒண்ணே ஒண்ணைத்தான் துருவும். இந்தம்மாவுக்கு வழக்கு இருக்கறது முன்னாடியே தெரியுமா, தெரியாதா? தெரியும்னு ஒரு துண்டுக் காகிதம் கிடைச்சாலும் மனு அவ்வளவுதான்."

*

பள்ளிக்குத் திரும்பியிருக்கலாம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ஸ்டேஷன் படிகளில் ஏறியபோதுதான் எங்கே போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. பொத்தேரிக்கு டிக்கெட் வாங்கினாள்.

பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. எதிரே கல்லூரிப் பெண்கள் ஒருத்தியின் போனில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் ஏகநாதன் ஒரே ஒரு முறை கேட்டார். இனிஷியலை மாத்திக்கலையா? அலுவலகத்தில் மாற்றுவது லேசில்லை, அரசிதழில் போட வேண்டும், ஆறு மாதம் இழுக்கும் என்றாள். பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. அப்பா தசரதன் பணியில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை அது. அந்த ஓர் எழுத்து போய்விட்டால், யார் செத்ததற்கு யார் சம்பளம் வாங்குகிறோம் என்பதே மறந்துவிடும் என்று நினைத்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. விதிகளைச் சொன்னாள். அவர் 'சரி' என்றார். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் அவள் இத்தனை வருடமும் நம்பியிருந்தாள்.

இப்போது ஓர் அரசாங்க அட்டையில் தன் விருப்பப்படி அவளைத் திருத்தி எழுதியிருக்கிறார். கோபம் வர வேண்டும். வரட்டும் என்று காத்திருந்தாள். ஊரப்பாக்கம் போனது, கூடுவாஞ்சேரி போனது. களைப்புதான் வந்தது.

*

சந்திரிகாவின் மெஸ் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். விடுதி போனபின் மிஞ்சியது இது. ஆறு மேஜை, ஒரு கல்லா, சமையலுக்குக் கங்கம்மா.

"இன்னாமா, ஒத்த ஆளா? அந்த மூலைல குந்து. பசங்க வந்துகினே கீறாங்க, அப்பால எடம் கெடைக்காது" என்றாள் கங்கம்மா. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "யக்கோவ், ஒரு சாப்பாடு! ஆபீஸ் அம்மா!"

கரண்டியோடு எட்டிப் பார்த்த சந்திரிகா அப்படியே நின்றாள். "அண்ணி!"

"சாப்பிட வரலை சந்திரா."

"சாப்பிடாம எப்படிப் போவீங்க? முகமெல்லாம் வாடிக்கிடக்கு." அவளே இலை போட்டாள். சோறு வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. "சம்பளத்துல பிடிக்கறாங்களாமே. அண்ணன் சொன்னாரு. எனக்கு நாலு நாளா தூக்கமே இல்ல அண்ணி. மாசம் அஞ்சாயிரமாவது உங்களுக்குக் குடுத்துடறேன்."

"உனக்குச் சம்மன் வந்துச்சா?"

"வந்துச்சே. வாங்கினேன்."

"கோர்ட்டுக்குப் போனியா?"

"எதுக்கு அண்ணி? போனாலும் கட்டுன்னுதான் சொல்வாங்க, போகாட்டியும் கட்டுன்னுதான் சொல்வாங்க. பஸ் செலவாவது மிச்சமாகட்டும்னு இருந்துட்டேன்."

ஜெயஸ்ரீ சோற்றைப் பிசைந்தாள். வாயில் வைக்கவில்லை. சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களுக்கும் வந்துடுச்சுன்னதும் செத்துடலாம்போல இருந்துச்சு. அண்ணன்தான் உடனே மெசேஜ் போட்டாரு. இல்லன்னா உங்க வாசப்படியை நான் மிதிச்சிருக்கவே மாட்டேன்."

"என்ன மெசேஜ்?"

சந்திரிகா போனை எடுத்தாள். தேடவில்லை. நட்சத்திரமிட்டு வைத்திருந்தாள். ஏகநாதனின் பெயர், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. 'ஜெயா பார்த்துட்டா. கோவமே படலை. பாவம் அவ என்ன பண்ணுவான்னா. நீ மனசைக் குழப்பிக்காத.'

"அழுகை வர்றப்பெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்" என்றாள் சந்திரிகா. "எங்கம்மா இருந்திருந்தாக்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு தீபாவளிக்கு வந்தேன். ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? எனக்குத்தான் உங்க முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருக்கும்."

ஜெயஸ்ரீ அந்த வரிகளை இன்னொரு முறை படித்தாள். சம்மனைப் பார்த்தும் கோபப்படாத ஒருத்தி. கடன்பட்டவளுக்காக இரக்கப்பட்டு, இரண்டு தீபாவளிக்கும் வாய் திறக்காமல் பலகாரம் கட்டிக் கொடுத்த ஒருத்தி. ஏகநாதன் உண்டாக்கிய அந்த ஏ. ஜெயஸ்ரீயை அவளுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. சம்மன் உண்மையிலேயே தன் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? கத்தியிருப்பாள். அன்றே ஆட்டோ பிடித்து வந்து, இதே மெஸ்ஸில் நாலு பேர் பார்க்கக் கேட்டிருப்பாள். ஆனால் வழக்குக்கும் போயிருப்பாள்.

நான் பார்க்கவே இல்லை என்று இவளிடம் சொல்லலாம். சொன்னால் இவளிடம் மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடும்.

"இதை யார்கிட்டயாவது காட்டினியா?"

"நான் எதுக்குக் காட்டறேன்?" சொல்லிவிட்டு சந்திரிகா யோசித்தாள். "கம்பெனியிலேருந்து ஒரு ஆள் வந்து கத்திக்கிட்டிருந்தான் ஒருநாள். எங்க அண்ணிக்கே தெரியும், அவங்களே ஒண்ணும் சொல்லலை, நீ யாருடா கேட்கன்னு போனை நீட்டினேன்..."

"படிச்சானா?"

"ஞாபகம் இல்ல அண்ணி. போட்டோகூட எடுத்தான். ஆனா அவன் மெஸ்ஸைத்தான் எடுத்தான்னு நினைக்கிறேன். ஏன் அண்ணி?"

"ஒண்ணுமில்ல" என்றாள் ஜெயஸ்ரீ. "கொஞ்சம் ரசம் ஊத்து."

*

அவள் வீடு திரும்பியபோது ஏகநாதன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலை போன பிறகு பழகியது. ஒவ்வொன்றையும் ஒரே அளவில் நறுக்குவார்.

"லேட்டாயிடுச்சே. வக்கீல் என்ன சொன்னாரு?"

ஜெராக்ஸை நறுக்குப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

மறுப்பார் என்று தயாராக வந்திருந்தாள். இப்போது கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

"உங்க பேரைப் போட்டு வாங்கியிருக்கலாமே."

"போஸ்ட்மேன் அவசரப்பட்டாரு. அவங்க பேர்லதான் வந்திருக்கு, அவங்க பேரைப் போட்டுக் குடுங்க சார், இன்னும் நாலு தெரு இருக்குன்னாரு. போட்டேன்."

"'ஏ'ன்னு போட்டிருக்கீங்க."

"என்னது?"

"இனிஷியல்."

அவர் மறுபடி தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புருவம் சுருங்கியது. நடிப்பில்லை. அதை அவர் இந்த நிமிடம்தான் பார்க்கிறார். "கவனிக்கவே இல்ல ஜெயா. கை தன்னால போயிருக்கு."

ரயிலில் அவள் யோசித்த எல்லாவற்றிலும் அவர் ஏதோ ஓர் எண்ணத்தோடு எழுதியிருந்தார். எண்ணமே இல்லாமல் எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவருடைய கைக்கு அவள் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

"அதை வாங்கி என்ன செஞ்சீங்க?"

"சந்திரா ஆறு மாசத்துல கட்டிடறேன்னா. கட்டிட்டா உனக்குத் தெரியவே வேண்டாம்னு பீரோ மேல போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

கத்தியைக் கீழே வைத்தார். "அப்பத்தான் வேலை போயிருந்தது. அதையே ஒரு மாசம் கழிச்சுத்தான் உன்கிட்ட சொன்னேன். ரெண்டாவதா இன்னொண்ணை எப்படிச் சொல்றது?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு நறுக்குகளை எடுத்து மென்றாள். பச்சையாக இருந்தது.

"யாருதுன்னு தெரியாதுன்னு எழுதறாங்க நாளைக்கு. நான் சத்தியம் பண்ணணும்."

"எழுதிடேன். இனிஷியல்தான் தப்பா இருக்கே, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

மெதுவாகத்தான் சொன்னாள். அவர் முன்னாலேயே வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த வரியை மாத்தணும். கையெழுத்து என் வீட்டுக்காரர் போட்டது."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "மத்தியானம் தெரியலைன்னீங்க."

"தெரிஞ்சுதான் சொன்னேன் சார். தப்பு."

"ம்ம்... உண்மையைப் போடறது நல்லதுதான்மா. பின்னால பயமில்லை. ஆனா பொய்க் கையெழுத்துன்னு எதிர்த்தரப்பு அவர்மேல பாயும். புருஷன் கையில குடுத்தாலும் குடுத்ததுதான்னு வாதம் பண்ணுவாங்க. அதை மீறி ஜட்ஜ் நம்பணும்னா அவரே வரணும். வாங்கினேன், மறைச்சேன், இவங்களுக்குச் சொல்லவே இல்லைன்னு ஒரு பிரமாணம் குடுக்கணும். குடுப்பாரா?"

அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜையில் வைத்தாள். "அவரையே கேளுங்க சார்."

ஏகநாதன் வேட்டியில் கையைத் துடைத்தார். வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறவர்போல் தொண்டையைச் செருமினார். "வர்றேன் சார். நான் செஞ்சது. நானே சொல்றேன்."

அந்தக் குரலில் அவளுக்கு ஏதோ இளகியது. பதினோரு நாளாக இறுகியிருந்த தோள் இறங்கியது. வேலை போனதிலிருந்து அவர் ஒரு பொறுப்பைக் கை நீட்டி வாங்கி அவள் பார்க்கவில்லை.

"சந்தோஷம் சார்" என்றார் ஆஸ்டின். "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தச் சம்மன் விஷயம் உங்க மனைவிக்குத் தெரியும்னு எப்பவாவது, யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? வாயால, போன்ல, எழுத்துல, எப்படியாவது?"

ஏகநாதன் ஜெயஸ்ரீயைப் பார்த்தார். அவள் பொத்தேரிக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியாது. சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசுக்குள் மன்றாடினாள். இது ஒன்றையும் சொல்லிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"இல்ல சார்" என்றார் அவர். அதே தெளிவான குரல். "யார்கிட்டயும் சொல்லலை."

"அப்ப கவலையில்லை. அதையும் சேர்த்து ரெண்டு பேர் பேர்லயும் எழுதிடறேன். காலைல பத்து மணிக்கு வந்து கையெழுத்து போட்டுடுங்க. சரியாம்மா?"

ஒரு பாரம் இறங்கிய முகத்தோடு ஏகநாதன் எழுந்து, பீன்ஸை வழித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். குழாய் திறந்தது. வாணலி அடுப்பில் ஏறியது.

ஜெயஸ்ரீ போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"எழுதாதீங்க சார்" என்றாள்.

அடுப்படியில் சத்தம் நின்றது.